பழைய ஆல்ட்டோ சாக்ஸ்: டர்பனில் வாங்குவதற்கு முன்

டர்பனில் பழைய சாக்ஸபோன் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, ஸ்பிரிங்கை. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலோ வெருலத்திலோ பல வருடம் பெட்டிக்குள் கிடந்த ஆல்ட்டோவின் (நடுத்தர அளவு சாக்ஸ்) பித்தளை நன்றாகவே இருக்கும். கீகளை (விரலால் அழுத்தித் துளைகளைத் திறந்து மூடும் நெம்புகோல்களை) இழுத்துப் பிடிக்கும் ஊசி ஸ்பிரிங்குகள் எஃகு. கடற்காற்று அவற்றைத்தான் தின்னும். ஒன்றிரண்டில் ஆரஞ்சுப் புள்ளி இருந்தால் பரவாயில்லை, ஸ்பிரிங் மாற்றுவது சின்ன வேலை. எல்லாமே துரு என்றால் கீகளைத் தாங்கும் கம்பிகளும் உள்ளே இறுகியிருக்கும். அது பெரிய செலவு.

மேல்பூச்சு உரிந்திருப்பதைக் காட்டி விலையைக் குறையுங்கள். வாசிப்புக்கு அதனால் கேடில்லை.

அடுத்தது பேட், அதாவது கீயின் அடியில் துளையை அடைக்கும் மெத்தை. ஒரு சாக்ஸில் சுமார் 25 பேட் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றினால் மலிவான சாக்ஸின் விலையே ஆகிவிடும். அறையை இருட்டாக்கி, நெக்கை (மேலே உள்ள வளைந்த குழாயை) கழற்றி, மெல்லிய எல்இடி சரம் ஒன்றை உள்ளே இறக்கி, கீகளை மெதுவாக மூடுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே காற்றும் கசியும். அழுத்திப் பிடித்தால் எந்த ஓட்டையும் மூடிக்கொள்ளும். விற்பவர் வாசித்துக் காட்டும்போது விரல் நகம் வெளுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். விளக்கு இல்லையென்றால் சிகரெட் தாள் போதும்: பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து, லேசாக மூடி, உருவிப் பாருங்கள். நாலு பக்கமும் ஒரே பிடி இருக்க வேண்டும்.

பிறகு தாழ்ந்த பி ஃப்ளாட்டை மெல்லிய ஒலியில் ஊதச் சொல்லுங்கள். குரல் குழறினாலோ மேல் ஸ்தாயிக்குத் தாவினாலோ மேலே எங்கோ கசிவு. நெக்கின் ஆக்டேவ் கீ (மேல் ஸ்தாயிக்குப் போக உதவும் கீ) வளைந்து சரியாக மூடாமல் போனாலும் இதே தொல்லைதான்.

நெக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நெக்கின் நுனியில் உள்ள காய்ந்த கார்க்கில் மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் பகுதியை) திணித்து அமுக்குகிறவர்கள் நெக்கையே கீழே வளைத்துவிடுவார்கள்; வளைவின் அடியில் சுருக்கம் தெரியும். பெல்லை (மணி போல் விரிந்த வாயை) உடலோடு பிணைக்கும் தாங்கியின் அடியில் பள்ளம் இருந்தால் சாக்ஸ் கீழே விழுந்திருக்கிறது. உடல் வளைந்த சாக்ஸை இனாமாகத் தந்தாலும் யோசியுங்கள்.

ஜி ஷார்ப் பேட் ஒட்டிக்கொள்வது மட்டும் எல்லாச் சாக்ஸிலும் உண்டு. துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். அதற்காக நல்ல சாக்ஸை விட்டுவிடாதீர்கள்.

புதிதா பழையதா? பெயர் தெரியாத மலிவுப் புதுசுகளில் கீகள் மெத்தென்று வளையும்; இன்று சரிசெய்தது அடுத்த மாதம் நிற்காது, உதிரி பாகமும் கிடைக்காது. அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் யமஹா ஒய்ஏஎஸ்-23 அல்லது 275 கிடைத்தால் என் ஓட்டு அதற்கே. புதிதாகத்தான் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் அதே யமஹாவின் ஒய்ஏஎஸ்-280. யமஹாவின் 4சி மவுத்பீஸும் 2ஆம் எண் ரீடும் (மவுத்பீஸில் அதிரும் நாணல் பட்டை) தொடங்கப் போதும்.

கோவிலில் வாசிக்க வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆல்ட்டோ இ ஃப்ளாட் வாத்தியம். சி-க்கு உரிய கீகளைப் பிடித்தால் வருவது இரண்டரைக் கட்டைச் சுருதி. பாடுகிறவர் ஒன்றரைக் கட்டை என்றால் உங்கள் ஸட்ஜம் ஏ ஷார்ப்பில், ஐந்து கட்டை என்றால் இ-யில். கத்ரி கோபால்நாத் கர்நாடக சங்கீதம் வாசித்ததும் ஆல்ட்டோவில்தான்; ஆகவே டெனர் (ஆல்ட்டோவைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் சாக்ஸ்) மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தப் பக்கம் சாய வேண்டாம்.