தம்பிக்கு அடையாள அட்டை வாங்கிய பதினோரு மாதம்

போன வியாழக்கிழமை தபால்காரர் வந்து கொடுத்துவிட்டுப் போனார். மஞ்சள் பட்டை போட்ட சின்ன அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் அடையாள அட்டை. வாசலிலேயே நின்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, ரேஷன் கார்டா?" என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்டார். "இல்ல அத்தை, தம்பியோட கார்டு" என்றேன். "வந்துடுச்சா!" என்று எழுந்தே வந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர், சும்மா எழுந்து வருகிறவர் இல்லை.

தம்பி என்று நாங்கள் கூப்பிடுவது என் மகனை. ஏழு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே தனியார் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு தெரபிக்குப் போகலாம், அழலாம். அரசாங்கத்தில் எதுவும் கேட்க முடியாது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016-இல் வந்த சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. சரி, இடம் இருக்கிறதே, ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம் என்று போன வருடம் ஆடி மாதம் இறங்கினேன்.

முதலில் முகாம். வட்டார வள மையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ மதிப்பீட்டு முகாம் வைப்பார்கள், மருத்துவர்கள் அங்கேயே பார்த்து அங்கேயே எழுதிவிடுவார்கள் என்று சிறப்பாசிரியை சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. எலும்பு மருத்துவர் வந்திருந்தார், கண் மருத்துவர் வந்திருந்தார், காது மூக்கு தொண்டை மருத்துவரும் வந்திருந்தார். மனநல மருத்துவர் மட்டும் வரவில்லை. அவரிடம் காட்ட வேண்டிய பிள்ளைகள்தான் அன்றைக்கு அதிகம். ஒரு மணி வரை உட்கார்ந்திருந்து, கொடுத்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். முகாமுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே டீச்சருக்குப் போன் போட்டு "மனநல டாக்டர் வர்றாரா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் வராவிட்டால் நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்தது ஆதார். தம்பிக்கு இருந்தது இரண்டு வயதில் எடுத்த நீல நிற ஆதார். ஐந்து வயதானதும் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும் என்று தெரியும். தெரிந்தேதான் தள்ளிப் போட்டேன். முன்பின் தெரியாதவர் கையைத் தொட்டாலே கத்துகிறவனைப் பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்த வைப்பது எப்படி? மூன்று நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து "நாலு விரல், கட்டை விரல்" என்று விளையாட்டு. அவன் மாமா வாங்கிக் கொடுத்த பைனாகுலர் பொம்மையைக் கண்ணில் வைத்து "ஆடாம இரு, ஒண்ணு, ரெண்டு, மூணு." மையம் திறக்கும்போதே முதல் ஆளாகப் போய் நின்றோம். ரேகை ஒரே முறையில் விழுந்துவிட்டது. கருவிழிக்குத்தான் நாலு தடவை ஆனது. இயந்திரத்தில் இருந்த பெண் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள்தான் சுளித்தார்கள்.

அங்கே நான் விட்ட கோட்டை ஒன்று உண்டு. ஆதாரில் தம்பியின் பெயருக்குப் பின்னால் அவன் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். நமக்கு இரண்டும் ஒரே பெயர், கணினிக்கு இரண்டு பிள்ளைகள். அன்றைக்கே திருத்தியிருந்தால் பின்னால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும்.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போட்டோம். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே இருந்த பையன் இரண்டு காரியம் செய்தான். ஒவ்வொரு ஓடிபிக்கும் என் போனை வாங்கிப் பார்க்கச் சோம்பல்பட்டுத் தன்னுடைய எண்ணையே போட்டுவிட்டான். எந்த மருத்துவமனை என்று கேட்கும் இடத்தில் பட்டியலில் கண்ணில் பட்டதைத் தட்டிவிட்டான். இரண்டுமே எனக்கு அப்போது தெரியாது. ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எதிரே நின்று, போன் எண்ணையும் மருத்துவமனைப் பெயரையும் திரையில் படித்துப் பார்த்த பிறகு "சரி, அனுப்பு" என்று சொல்லுங்கள்.

அப்புறம் மருத்துவமனை. எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், ஒன்றே முக்கால் மணி நேரம். முதல் தடவை செவ்வாய்க்கிழமை போனோம். அட்டைக்கு வேண்டிய மருத்துவச் சான்றிதழ் புதன்கிழமை மட்டும்தானாம். இதை எங்கேயாவது ஒட்டி வைக்கக் கூடாதா என்று ஒரு நர்ஸிடம் கேட்டேன். ஒட்டித்தான் இருந்தார்கள். அதன் மேல் ரத்ததான முகாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

இரண்டாவது தடவை புதன்கிழமை. ஓபி சீட்டு, வரிசை, மருத்துவர். அவர் உளவியலாளரிடம் சோதனைக்கு எழுதினார். மூன்று வாரம் கழித்துத் தேதி கிடைத்தது.

மூன்றாவது தடவையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. முதல் பேருந்தைப் பிடிப்பதற்காகத் தம்பியை நாலரைக்கே எழுப்பினேன். தகரக் கூரை, கடகடவென்று சுற்றும் மின்விசிறி, பக்கத்தில் விடாமல் அழுகிற குழந்தை. காதைப் பொத்திக்கொண்டு தூணைச் சுற்றிச் சுற்றி ஓடினான். சட்டைக் காலரைக் கடித்துக் கிழித்தான். ஒரு பெரியவர் "ரெண்டு வெச்சா அடங்கிடுவான்" என்று யோசனை சொன்னார். பதினோரு மணிக்கு மேல் என் மடியில் விழுந்து தூங்கிவிட்டான். அந்த நேரம் பார்த்து எங்கள் டோக்கன் வந்தது. எழுப்பினால் கண்ணைத் திறக்கவில்லை. "தூங்குற பிள்ளைய வெச்சு என்னம்மா பண்றது, அடுத்த மாசம் வாங்க" என்றார் அங்கிருந்த ஊழியர். இந்தப் பிள்ளையால் காத்திருக்க முடியாது என்று எழுதி வாங்குவதற்கு, அதே பிள்ளையை மூன்று மணி நேரம் காத்திருக்க வைக்கிறார்கள். இதை அவரிடம் சொன்னேன். "ரூல் அப்படிம்மா" என்றார். எந்த ரூல் என்று கேட்கத் தெம்பில்லை.

வெளியே வரும்போது வாசல் காவலாளியிடம் புலம்பினேன். "முதல்லயே எங்கிட்ட சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பேனேம்மா" என்றார்! அடுத்த முறை நேராக அவரிடம்தான் போனேன். பக்கவாட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சைக் காட்டினார். அங்கே மின்விசிறி கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. எங்கள் எண் வந்ததும் அவரே வந்து கூப்பிட்டார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன்: முந்தின நாளே போய் அங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டோம். தூக்கம் கெடாத பிள்ளையோடு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சோதனை என்றால் தம்பியிடம் ஏதோ கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவனைக் கொஞ்சம் கவனித்துவிட்டு, மீதியெல்லாம் என்னிடம்தான். ஆட்டிசத்துக்கென்று நம் நாட்டில் உருவாக்கிய அளவுகோல் அது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மதிப்பெண் கூடினால் பாதிப்பு அதிகம் என்று கணக்கு. கண்ணைப் பார்க்கிறானா? ஆபத்து தெரிகிறதா? சொன்னதையே திருப்பிச் சொல்கிறானா? ஏழு வருடமாக வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "இப்ப எவ்வளவோ பரவாயில்லை" என்று சொல்லிப் பழகிய வாய். அங்கேயும் அதுவே வந்தது. "சட்டை அவனே போட்டுக்குவான் மேடம்." அந்த உளவியலாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பட்டனும் போடுவானா? தினமுமா? நீங்க சொல்லாமலா?" என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை. "அப்ப அதைச் சொல்லுங்கம்மா. உங்க பிள்ளையை நான் குறைச்சு நினைக்க மாட்டேன்."

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவனால் முடியாததை ஒவ்வொன்றாக, அவன் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே போவது இருக்கிறதே, அதை எந்தத் தாய்க்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். முடிந்தால் இன்னொருவரைக் கூட்டிப் போய், அந்த நேரம் பிள்ளையை வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலை எழுந்ததிலிருந்து இரவு வரை எதற்கெல்லாம் நம் கை தேவைப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அங்கே உட்கார்ந்தால் பெருமைதான் முதலில் வாயில் வரும்.

கடைசிக்கு முந்தின கேள்வி, வழக்கத்துக்கு மாறான ஞாபகசக்தி உண்டா என்பது. உண்டு என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர் வழியாகப் போகும் பேருந்துகளின் எண், நேரம், கடைசி நிறுத்தம் எல்லாம் தம்பிக்கு மனப்பாடம். கேட்டால் சொல்ல மாட்டான், அவனுக்குத் தோன்றும்போது சொல்லுவான். அந்த ஒன்றையாவது கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று பார்த்தேன். அதற்கும் ஐந்து மதிப்பெண் போட்டுக் கூட்டலில் சேர்த்தார். பேருந்தில் திரும்பி வரும்போது சிரிப்பும் வந்தது.

ஐந்தாவது தடவை கையெழுத்துக்குப் போனோம். "உங்க மனுவே எங்களுக்கு வரலையேம்மா." இ-சேவைப் பையன் தட்டியது மனநல மருத்துவரே இல்லாத ஒரு தாலுகா மருத்துவமனையை. நான்கு மாதமாக மனு அங்கே கிடந்திருக்கிறது. நிலவரம் சொல்லும் குறுஞ்செய்தியெல்லாம் அவன் போனுக்குப் போயிருக்கிறது. "என்ன கார்டுன்னே தெரியலக்கா, அழிச்சிட்டேன்" என்றான். அவனைத் திட்டித் தீர்த்த பிறகு அவனையே உட்காரவைத்துத் திருத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் எண்ணை மாற்றுவதற்கும் ஓடிபி அவனுக்குத்தான் போனது! அப்போதுதான் இனிஷியல் சிக்கலும் முளைத்தது. அதற்கு இன்னும் மூன்று வாரம்.

ஆறாவது தடவை இருபது நிமிடத்தில் முடிந்தது. பாதிப்பு 70 சதவீதம், சான்றிதழ் தற்காலிகம். பத்து வயதில் மறுபடி மதிப்பீட்டுக்கு வர வேண்டும். அட்டையின் பட்டை 40 சதவீதத்திலிருந்து 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம், 40-க்குக் கீழே வெள்ளை. அட்டை கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம் என்று அந்த ஊழியரே இந்த முறை சொன்னார்.

அட்டை வந்த பிறகு என்னென்ன என்று பலரும் கேட்கிறார்கள். தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும். சேரும்போது மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்பதில்லை, தெரபிச் செலவும் அதற்குள் வரும். வருடா வருடம் புதுப்பிக்க மறக்கக் கூடாது. என் கணவர் பழைய வரிமுறையில் இருப்பதால் வரி போடும் வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு கிடைக்கும். ஆனால் ஆட்டிசத்துக்கு அதற்கென்று தனிப் படிவம் உண்டு, அதையும் அதே நடையில் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். தெரியாமல் போயிற்று. நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வருகிற ஒருவருக்கும் சீட்டு வேண்டாம். பெண் என்பதால் எனக்கு ஏற்கெனவே வேண்டாம், ஆதாயம் தாத்தாவுக்குத்தான். சாயங்காலம் ஆனால் பேரனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பேருந்துக்குள் இருக்கும்வரை தம்பி கத்துவதில்லை என்பதால் நானும் தடுப்பதில்லை.

அட்டையில் தமிழில் பெயர் அச்சானதில் ஒரு குறில் நெடிலாகியிருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனோம், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க. நகல்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். எத்தனை மாதம் என்றதற்குப் பதில் இல்லை. மனுவில் எழுத அட்டை எண்ணைக் கேட்டார் எழுத்தர். நான் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். தம்பி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, பேருந்து எண்களைச் சொல்லும் அதே ராகத்தில், டி, என் என்று தொடங்கி பதினெட்டு இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். எழுத்தர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."