எண்ணெய்க் கரண்டி: டிசம்பர் மாதச் சமையல் நாட்குறிப்பு

டிசம்பர் 5, 2025, வெள்ளி

முதலில் அளவு. எண்ணெய்த் தூக்கை அப்படியே சரித்து ஊற்றும் வீட்டில் எந்தச் சமையலும் லேசாகாது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 15 மில்லி, எடை 13–14 கிராம், கலோரி சுமார் 120. நெய்யும் ஏறக்குறைய அதேதான். "நெய் உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி விட்டாலும் கணக்கு மாறாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்கிறது. அதாவது இரண்டு டேபிள்ஸ்பூன். காலைத் தோசை, மத்தியானப் பொரியல், சாம்பார் தாளிப்பு, ராத்திரிச் சப்பாத்தி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தாளிக்கக் குழிக்கரண்டியை எடுத்தால் மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துவிடும்.

எண்ணெய்க்கு ஒவ்வொரு பண்டத்திலும் ஒவ்வொரு வேலை. தாளிப்பில் வாசனையை இழுக்கும், வறுவலில் மேலே முறுக விடும், பொங்கலில் இறுகாமல் பார்த்துக்கொள்ளும். அந்த வேலையை வேறு ஏதாவது செய்யுமா என்று பார்த்துக் குறைத்தால் ருசி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் பாதியாக்கினால் பத்தியச் சாப்பாடுதான். நாலாம் நாள் வீட்டில் எல்லோரும் பார்சல் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு

வடகறி. சைதாப்பேட்டை என்றதும் நாக்கில் வரும் பண்டம். கடலைப்பருப்பு வடையைப் பொரித்து, உதிர்த்து, குழம்பில் போட்டு ஊற வைப்பது. பொரித்த மொறுமொறுப்பு குழம்பில் விழுந்த பத்தாவது நிமிஷம் காணாமல் போகிறது என்றால், பொரிப்பானேன்? ஆவியில் வேக வைத்தாலே போதும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நாலு பேருக்கு: கடலைப்பருப்பு ஒரு டம்ளர் (200 மில்லி டம்ளர், இந்தக் குறிப்புகள் முழுக்க இதே அளவு). இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். தண்ணீரை நன்றாக வடித்து, ஒரு கைப்பிடி பருப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை சோம்பு ஒரு டீஸ்பூன், காய்ந்த மிளகாய் மூன்று, உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரவென்று அரைக்க வேண்டும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தனியே வைத்த பருப்பைக் கலந்து, இட்லித் தட்டில் எண்ணெய் தொட்டுத் தடவி, பன்னிரண்டு நிமிஷம் ஆவி. தண்ணீர் விட்டு மைய அரைத்தால் இட்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும், உதிராது.

நன்றாக ஆறிய பிறகு கையால் சுண்டைக்காய் அளவுக்கு உடையுங்கள். சூட்டோடு உடைத்தால் மாவாகிவிடும். இப்போது அந்தச் சிக்கல். பொரித்த வடைக்கு மேலே கெட்டித் தோல் இருப்பதால் குழம்பில் உருக்குலையாது. ஆவியில் வெந்ததற்குத் தோல் இல்லை. அப்படியே போட்டால் கரைந்து பருப்புக் கூட்டாகிவிடும். அதனால் இரும்பு வாணலியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, துண்டுகளைப் பரப்பி, ஆறேழு நிமிஷம் மிதமான தீயில் ஓரம் சிவக்க விட வேண்டும். கிளறிக்கொண்டே இருக்காதீர்கள், உடையும். வாணலியை ஆட்டிவிட்டால் போதும். பொரித்த வாசனையும் இந்த இடத்தில்தான் வருகிறது, இதை மட்டும் தாண்டாதீர்கள்.

குழம்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, பிரிஞ்சி இலை, கொஞ்சம் கல்பாசி. பிறகு பெரிய வெங்காயம் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், தக்காளி இரண்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், தனியாத்தூள் இரண்டு டீஸ்பூன். வெங்காயத்துக்கு முதலிலேயே உப்புப் போட்டு மூடி வைத்தால் தன் தண்ணீரிலேயே வதங்கும்; அடி பிடிக்கிற மாதிரி இருந்தால் எண்ணெய் வேண்டாம், ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். அரை மூடித் தேங்காய்க்குப் பதில் இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல், ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை, அரை டீஸ்பூன் சோம்பு. மூன்றையும் மைய அரைத்து ஊற்றினால் குழம்புக்கு உடம்பு வந்துவிடும். மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு, ரசத்தை விடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே துண்டுகளைப் போட்டு ஐந்து நிமிஷம் கொதி. புதினா கொஞ்சம் கூடவே இருக்கட்டும். வடை குடிக்கிற தண்ணீர் சாமானியமல்ல; கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் குழம்பே இருக்காது. ஒரு டம்ளர் வெந்நீர் பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

செட் தோசைக்கு இதுதான் ஜோடி. செட் தோசைக்கு மேலே எண்ணெய் சுற்ற வேண்டியதே இல்லை, மூடி போட்டால் ஆவியிலேயே வெந்துவிடும்.

டிசம்பர் 9, செவ்வாய்

சேப்பங்கிழங்கு வறுவல். ஏர் ஃப்ரையர் வாங்கி வைத்துவிட்டு என்ன செய்வது என்று முழிக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இது. அரை கிலோ கிழங்கு, குக்கரில் விசில் விடாமல் இட்லிப் பானையில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிஷம். கத்தி முனை இறங்க வேண்டும், ஆனால் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. தோலுரித்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் கொழகொழப்பு அடங்கும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு, அரிசி மாவு ஒரு டேபிள்ஸ்பூன், எண்ணெய் இரண்டு டீஸ்பூன் புரட்டி, 180 டிகிரியில் பதினைந்து நிமிஷம். பாதியில் ஒருமுறை திருப்புங்கள். ஒன்றன் மேல் ஒன்று குவித்தால் வேகுமே தவிர முறுகாது.

கூடவே அப்பளம். பொரிக்காமல் அடுப்புத் தணலில் இடுக்கியால் பிடித்துச் சுட்டால் போதும். மைக்ரோவேவில் ஐம்பது விநாடி வைத்தாலும் பொரியும், ஆனால் தணலில் சுடுகிற வாசனை அதில் இல்லை.

டிசம்பர் 11, வியாழன்

மழைக்கு பஜ்ஜி கேட்காத வீடு எது? பஜ்ஜியை லேசாக்க முடியாது, முயற்சியும் வேண்டாம். ஏர் ஃப்ரையரில் ஈர மாவு கூடைக்கடியில் ஒழுகிவிடும். தோசைக்கல்லில் போட்டால் அது வாழைக்காய் அடை. மாவு முழுக்க ஒரே நொடியில் எண்ணெய்க்குள் மூழ்கினால்தான் பஜ்ஜி. செய்கிற அன்று ஒழுங்காகச் செய்து, ஆளுக்கு மூன்று என்று நிறுத்திக்கொள்வதே மேல்.

எண்ணெய் குடிக்காமல் இருக்க வழி உண்டு. கடலை மாவு ஒரு டம்ளருக்கு அரிசி மாவு இரண்டு டேபிள்ஸ்பூன். சோடா வேண்டாம், சோடா மாவைத் துளைதுளையாக்கும், அந்தத் துளைக்குள் எல்லாம் எண்ணெய் புகும். மாவு தண்ணியாகப் போனாலும் அதே கதை, தோசை மாவுப் பதம் போதும். எண்ணெய் 175–180 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு விட்டதும் இரண்டு மூன்று விநாடியில் மேலே வர வேண்டும். அடியிலேயே உட்கார்ந்தால் காயவில்லை, உடனே கருத்தால் தீ அதிகம். சின்ன வாணலி, கால் லிட்டர் எண்ணெய், ஒரு ஈட்டுக்கு நாலு பஜ்ஜி. ஒரேயடியாக எட்டுப் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் உள்ளே போகும்.

மீந்த எண்ணெயை வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிப்புக்குச் செலவழித்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் போலார் காம்பவுண்ட் என்கிற சேர்மங்கள் ஏறிக்கொண்டே போகும். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைக் கடைகள் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நுரை கட்டினால், வழுவழுவென்று கெட்டியானால், தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

அத்தோ, பர்மிய நூடுல்ஸ் கலவை. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது. பாரிமுனைப் பக்கம், பர்மா பஜாருக்கு எதிரில் சாயங்காலம் கைவண்டிகளில் கிடைக்கும். இதில் கனமானது இரண்டே இரண்டு: பூண்டு எண்ணெய், நொறுக்கிப் போடும் பேஜோ என்கிற பொரித்த தட்டை.

மூன்று பேருக்கு 150 கிராம் கோதுமை நூடுல்ஸ், உப்புத் தண்ணீரில் வேக வைத்து, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி நன்றாக உதற வேண்டும். முட்டைக்கோஸ் மெல்லிசாகச் சீவியது இரண்டு டம்ளர். கடையில் நூடுல்ஸ் முக்கால், கோஸ் கால்; வீட்டில் திருப்பிப் போடலாம், யாருக்கும் குறையாகத் தெரியாது. பூண்டு எட்டுப் பல்லை மெல்லிய வில்லைகளாக்கி, நாலு டீஸ்பூன் எண்ணெயில் சின்னத் தீயில் பொறுமையாக வறுங்கள். வெளிர் பொன்னிறத்திலேயே எடுத்துவிட வேண்டும், வெளியே எடுத்த பிறகும் சிவக்கும். கருகினால் கசப்பு எண்ணெய் முழுக்க இறங்கி, அத்தனையும் வீண்.

பேஜோவுக்குப் பதில் சுட்ட அப்பளம் இரண்டு. அப்பளத்திலேயே உப்பு இருக்கிறது, மற்றதில் குறையுங்கள். கெட்டிப் புளிக்கரைசல் இரண்டு டேபிள்ஸ்பூன், வறுமிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், பொட்டுக்கடலைப் பொடி இரண்டு டேபிள்ஸ்பூன், பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை அரை மூடி. கையால் கலப்பதுதான் சரி, கரண்டியால் கலந்தால் பொடி ஓரிடத்திலேயே நின்றுவிடும். உப்புப் பட்டதும் கோஸ் தண்ணீர் விட ஆரம்பிக்கும், பத்து நிமிஷத்தில் தட்டில் குளம் கட்டும். அதனால் தட்டு வைத்துவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. வெண்பொங்கல்.

சாப்பிட்டால் கண்ணைச் சொக்குகிறது என்றால் பாதிக் காரணம் நெய், பாதிக் காரணம் அரிசி. வழக்கமாக அரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் அல்லது அரை. இதைச் சரிபாதியாக்கலாம்: பச்சரிசி முக்கால், பருப்பு முக்கால். பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை மட்டும் வறுங்கள். சிவக்க விட்டால் குழையாது, பொங்கலில் நறநறவென்று தனியே நிற்கும். வறுக்காமலே போட்டால் பச்சை வாடை, அதுவும் பருப்பு கூடின இந்த அளவில் நன்றாகவே தெரியும்.

தண்ணீர் ஆறரை டம்ளர், உப்பு, இஞ்சித் துருவல் ஒரு டீஸ்பூன், ஐந்து விசில். ஆவி அடங்கியதும் கரண்டியால் மசித்துவிட்டு, அரை டம்ளர் சூடான பால் ஊற்றிக் கலக்க வேண்டும். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான், அது போதும். நெய் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைப் பால் செய்துவிடும். ஓட்டலில் நெய்யை அள்ளி ஊற்றுவது வாசனைக்காக மட்டுமில்லை. காலை ஆறு மணிக்குக் கிண்டிய பொங்கல் ஒன்பது மணி வரை தளதளவென்று நிற்க வேண்டும். ஆற ஆற அரிசியின் ஸ்டார்ச் இறுகும், நெய் அதைத் தடுக்கும். வீட்டில் அடுப்பிலிருந்து நேரே தட்டுக்குப் போகிற பொங்கலுக்கு அந்தக் காவல் எதற்கு? இறுகினால் கொதிக்கிற வெந்நீர் கால் டம்ளர், அவ்வளவுதான். பச்சைத் தண்ணீர் விட்டால் திரிதிரியாகிவிடும்.

தாளிப்புக்கு நாலு பேருக்கும் சேர்த்து நாலு டீஸ்பூன் நெய். மூன்றைத் தாளிப்பில் விட்டு, ஒன்றைக் கடைசியில் மேலாக விடுங்கள். மூக்குக்கு எட்டுவது அந்தக் கடைசி ஸ்பூன்தான். முந்திரி எட்டை இரண்டாக உடைத்து முதலில் வறுத்து எடுத்துவிடலாம். அப்புறம் மிளகு ஒரு டீஸ்பூன்: பாதி முழுசாக, பாதி ஒன்றிரண்டாக இடித்தது. இடித்ததை நெய்யில் அதிக நேரம் விட்டால் கமறும், தீயை அணைத்துவிட்டுப் போடுங்கள். சீரகம் ஒரு டீஸ்பூன் உள்ளங்கையில் தேய்த்து, பெருங்காயம், கறிவேப்பிலை.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி வைத்தால் குறைத்த கொழுப்பு பின்வாசல் வழியாக வந்துவிடும். கத்திரிக்காய் கொத்சு ஒரு டீஸ்பூன் எண்ணெயில் முடியும். சட்னிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் தேங்காயும் பொட்டுக்கடலையும் சரிசமம்.

டிசம்பர் 18, வியாழன்

தயிர் வடை. இதுவும் வடகறி கணக்குத்தான், ஊறப் போகிற வடைக்கு மொறுமொறுப்பு எதற்கு? பணியாரச் சட்டி போதும்.

உளுந்து ஒரு டம்ளர், ஊறுவது ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைத்து, கையால் மூன்று நாலு நிமிஷம் அடித்துக் காற்றேற்றுங்கள். ஒரு துளி தண்ணீரில் மிதக்க வேண்டும். உப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், முன்னாலேயே போட்டால் மாவு இளகும். குழிக்குக் கால் டீஸ்பூன் நல்லெண்ணெய், மாவு முக்கால் குழி, மூடி போட்டுச் சின்னத் தீயில் மூன்று நிமிஷம், திருப்பி இரண்டு. குழி நிறைய ஊற்றினாலோ தீயை ஏற்றினாலோ வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். பொரித்ததைவிட இது கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருக்கும், அதை மறைக்க முடியாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, லேசாகப் பிழிந்து, பால் கலந்து கடைந்த தயிரில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தயிர் கெட்டியாக இருந்தால் உள்ளே இறங்காது.

டிசம்பர் 21, ஞாயிறு

ரவா கேசரி. ரவை ஒரு டம்ளர், சர்க்கரை ஒரு டம்ளர், நெய் இரண்டு டேபிள்ஸ்பூன். சர்க்கரையை இதற்குக் கீழே இறக்கினால் இனிப்பு உப்புமா. ஒரு சிட்டிகை உப்பும், பொடியாக நறுக்கிய அன்னாசி அரை டம்ளரும் போட்டால் இனிப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. அன்னாசியைத் தண்ணீரோடு சேர்த்தே கொதிக்க விடுங்கள்.

ரவையை ஒரு டீஸ்பூன் நெய்யில் ஆறு நிமிஷம் வறுத்து, மூன்று டம்ளர் கொதிநீரில் தூவிக் கிளறி, மூடி வைத்து நாலு நிமிஷம். ரவை முழுக்க வெந்த பிறகே சர்க்கரை. முன்னாலே போட்டால் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ரவை மலராமல் விறைத்து நிற்கும், எவ்வளவு நெய் விட்டாலும் பிறகு சரியாகாது. மீதி நெய்யில் பாதி கிளறும்போது, பாதி அணைத்த பிறகு. ஏலக்காய், வறுத்த முந்திரி.

நெய் குறைந்த கேசரி ஆறினால் செங்கல்லாக இறுகும். சூடாக இருக்கும்போதே பரிமாறிவிடுங்கள். மீந்ததை இட்லிப் பானையில் ஐந்து நிமிஷம் ஆவி காட்டினால் மறுபடி இளகிவிடும், நெய் விட வேண்டாம்.