போர்க்காலத்தில் ஒரு கிளை

அமெரிக்கக் கல்லூரி பிரட்டர்னிட்டி (மாணவர் சங்கம்) என்றாலே பீர் பார்ட்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஃபை பீட்டா காப்பாவின் கதை வேறு. 1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ரகசியச் சங்கம் அது. ரகசியக் கைகுலுக்கல்கூட வைத்திருந்தார்கள். (பசங்க எந்த ஊரிலும் பசங்கதான்!)

1779இல் எலிஷா பார்மலி என்ற ஹார்வர்டு பட்டதாரி, வடக்கே இருந்த யேல், ஹார்வர்டு கல்லூரிகளில் கிளை தொடங்க அனுமதிப் பத்திரம் வாங்கிக்கொண்டார். அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், என்ன துணிச்சல் பாருங்கள். 1780இல் யேல் கிளை தொடங்கியது. 1781 தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை நெருங்கவே தாய்ச் சங்கத்தையே மூடிவிட்டார்கள். அதே வருஷம் ஹார்வர்டு கிளையும் வந்துவிட்டது. அப்புறம் பல வருஷம் சங்கத்தைக் காப்பாற்றியது இந்த வடக்கத்திப் பசங்கதான். ரகசியத்தை 1831இல் ஹார்வர்டு கிளை கைவிட்டது. நல்ல மார்க் எடுப்பவர்களுக்கான கௌரவச் சங்கம் இப்போது அது.