3-ஆ 8-ஆ: ஒரு யுத்த மெடலின் விளிம்பு

பெரம்பூர் பெரியம்மா வீட்டு யுத்த மெடலின் விளிம்பில் குத்தியிருந்த சிப்பாயின் எண் கிடைத்துவிட்டது. நாலு இலக்கமும், சந்தேகத்துக்கு இடமில்லாமல். "இதைப் படிக்கவே முடியாது, விட்டுடுங்க" என்று கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மெடல் நமக்குத் தெரிந்ததுதான். 1914-18 பிரிட்டிஷ் வார் மெடல், வெள்ளி, 36 மில்லிமீட்டர். முன்னால் ஐந்தாம் ஜார்ஜ், பின்னால் குதிரைமேல் ஆள். நண்பனின் பெரியம்மா வீட்டு பூஜை அலமாரியில் சிவப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்து, பிறகு சபீனா போட்டு இன்னொரு தேய்ப்பு. ராஜாவுக்கு மூக்கு போய்விட்டது. விளிம்பு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. புளியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பூஜையில் இருந்ததால்தான் அது அடகுக்கடைப் பக்கம் போகாமல் தப்பியது. இந்த மெடலில் ஏறக்குறைய 1 அவுன்ஸ் வெள்ளி இருக்கிறது. 1980-ல் உலகச் சந்தையில் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியபோது இதுபோல எத்தனையோ மெடல்கள் உருக்குக் கூடத்துக்குப் போயின. இப்போது வெள்ளி விற்கிற விலையில் சௌகார்பேட்டைத் தராசுகளை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது.

மெடலுக்குச் சொந்தக்காரர் பெரியம்மாவின் அப்பாவைப் பெற்ற தாத்தா. வீட்டில் அவரைப் பற்றி இரண்டு கதை. ஒன்று, கப்பலில் போகும்போதே காய்ச்சலில் போய்விட்டார் என்பது. இன்னொன்றைப் பெரியம்மா வாய் வார்த்தையிலேயே சொல்கிறேன்: "ரங்கூன்ல ஒருத்தியச் சேத்துக்கிட்டு அங்கயே தங்கிட்டாருன்னு அத்தைங்க பேசிக்குவாங்க. எங்க ஆயா காதுல விழுற மாதிரியே பேசுவாங்க." ஊர் வட ஆற்காடு பக்கம் என்பது தவிர வேறு ஒரு துப்பும் இல்லை. ஃபோட்டோ இல்லை, கடுதாசி இல்லை.

விளிம்பில் வெறும் கண்ணுக்குத் தெரிந்தது பெயரின் கடைசிப் பாதி, 'சாமி'. வட ஆற்காட்டில் சாமி என்று முடிகிற சிப்பாய்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். முனுசாமி, சின்னசாமி, கோவிந்தசாமி, ரங்கசாமி... பெயரை வைத்துக்கொண்டு தேடினால் ஆயுசு போதாது. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா ஒரே ஆளை மூன்று விதமாக எழுதியிருப்பான். அதனால்தான் எண்ணுக்கு இந்தப் பாடு. படைப்பிரிவும் எண்ணும் சேர்ந்தால்தான் ஆள் யாரென்று சொல்ல முடியும்.

படைப்பிரிவு ஓரளவு தெரிந்தது: '2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' இரண்டாவது குவீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸேதான், ராணுவத்தின் பொறியாளர் படை. ஆனால் 1911 முதல் 1923 வரை அதிகாரப்பூர்வப் பெயரில் 'மெட்ராஸ்' கிடையாது. 1923-க்குப் பிறகுதான் ஊர்ப்பெயர் திரும்பி வந்தது. முதல் உலகப்போர் ஆட்களை 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்று போட்டுத் தேடி, ஒன்றுமே இல்லை என்று கைவிட்ட குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். 2 என்று தொடங்கித் தேட வேண்டும். வெறும் 'கியூ.ஓ.' என்று வி இல்லாமல் இருந்தால் மெடல் 1911-க்கு முந்தைய சண்டைக்கு உரியது.

இனி விளிம்பு. இந்த மெடலில் எழுத்தைச் செதுக்கவில்லை, அச்சை வைத்துக் குத்தியிருக்கிறார்கள். முதலில் எண், அப்புறம் பதவி, பெயர், படைப்பிரிவு. கறுத்துப்போன வெள்ளி என்றால் முகத்துக்குப் போடுகிற பவுடரை மெத்தென்ற பிரஷ்ஷால் தடவி ஊதினாலே போதும், எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். பளபளக்கிற வெள்ளியில் அந்த வித்தை பலிக்காது. வெள்ளைமேல் வெள்ளை. இதற்குக் கறுப்புதான் வேண்டும், அதுவும் உலோகத்தைக் கீறாத, பிறகு துடைத்தால் போய்விடுகிற கறுப்பு. வார்னிஷ், இங்க் எல்லாம் அடுத்தவர் வீட்டுப் பொருளில் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. கடைசியில் கை கொடுத்தது என் மனைவியின் ஐடெக்ஸ் கண்மை.

கண்மையை விரலால் விளிம்பு முழுக்கப் பூசுங்கள். அடுத்ததுதான் விஷயமே. துணியால் துடைக்காதீர்கள். துணி குழிக்குள் இறங்கி மையையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும், தேய்ந்த எழுத்தின் ஆழமே ஒரு முடி கனம்தான். ஒரு பழைய விசிட்டிங் கார்டின் ஓரத்தை விளிம்புமேல் சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில், ஒரே வழிப்பில் வழித்தெடுங்கள். ஒவ்வொரு வழிப்புக்கும் கார்டில் புது ஓரம். பதவியும் பெயரின் முன்பாதியும் அப்படித்தான் எழுந்து வந்தன. (முழுப்பெயரை இங்கே போடப் போவதில்லை. வீட்டாரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார்கள்.) எல்லாம் முடிந்ததும் பஞ்சில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் மை போய்விடும்.

எண்ணில் முதலும் கடைசியும் வந்தன, இரண்டாவது அரைகுறையாக வந்தது. மூன்றாவது இலக்கம்தான் தலைவலி. 3-ஆ, 8-ஆ? அந்த இடத்தில் மை நிற்கிற அளவுக்குக்கூடக் குழி இல்லை. இனி வெளிச்சம் மட்டும்தான் கதி.

நம்மில் பெரும்பாலோர் டார்ச்சை மெடலின் முகப்புப் பக்கமிருந்து விளிம்புக்குக் குறுக்கே சாய்த்து அடிக்கிறோம். வெளிச்சம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் ஓடுகிற கீறலுக்கு நிழல் விழாது. குறுக்கே அடித்தால் எழுத்தின் படுக்கைக் கோடுகள் மட்டும் தெரியும், நிற்கிற கோடுகள் மறைந்துவிடும். 3-க்கும் 8-க்கும் மேலே, நடுவே, கீழே என்று படுக்கைக் கோடுகள் ஒன்றேதான். வித்தியாசம் முழுக்க இடப்பக்கத்து வளைவுகளில் இருக்கிறது, அவை நிற்கிற கோடுகள். அதனால் விளக்கை விளிம்பு போகிற திசையிலேயே, தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடிக்க வேண்டும். விளிம்பு வளைவானது என்பதால் ஒரு நேரத்தில் ஒரு இலக்கத்துக்குத்தான் ஒழுங்காக வெளிச்சம் விழும். பெரிய அழிரப்பரில் பிளேடால் ஒரு பிளவு போட்டு மெடலைச் செங்குத்தாகச் செருகினேன். அறையை இருட்டாக்கிவிட்டு, ஃபோனில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, டார்ச்சை ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம் வைத்து எடுத்தேன். இடப்பக்கப் படத்தில் இலக்கத்தின் இடது பாதியில் இரண்டு சின்ன நகக்கீறல் மாதிரி நிழல், ஒன்றன்கீழ் ஒன்றாக. வலப்பக்கப் படத்தில் அதே இடத்தில் நிழல் மறுபுறம் விழுந்திருந்தது. தற்செயலான கீறல் இப்படி ஜோடியாக வளைந்து நிற்காது. 8-தான்!

இதை மோட்டாரில் சுற்ற வைத்தால் என்ன என்று இப்போது ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. ரிச்சி தெருவில் சின்ன ஸ்டெப்பர் மோட்டாரும் அதை இயக்க அர்டுயினோ சர்க்யூட் போர்டும் வாங்கி, மெடலைத் துளித்துளியாகத் திருப்பி, படங்களைக் கோத்து விளிம்பு முழுவதையும் ஒரே நீளப் பட்டையாக்கலாம். மோட்டார் விலை பெரிதில்லை. பிடிமானத்துக்குக் கடைசல் கடையில் ஒரு துண்டு நைலான் கடைந்து தரச் சொல்லியிருக்கிறேன், அவர் "நாளைக்கு" என்கிறார், வாரம் முழுக்க.

சரி, ஆளுக்கு வருவோம். எண் இருந்தாலும், போரிலிருந்து உயிரோடு திரும்பிய மெட்ராஸ் சிப்பாய் என்றால் இணையத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் தேறாது. பஞ்சாப்காரர்கள் பாக்கியசாலிகள். லாகூர் மியூசியத்தில் கிடந்த பேரேடுகளிலிருந்து சுமார் 3,20,000 பேரின் விவரம் வெளிச்சத்துக்கு வந்து, 2021-லிருந்து ஊர்வாரியாகத் தேட முடிகிறது. நமக்கு அப்படி ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. செத்தவர்கள் மட்டும்தான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் இருக்கிறார்கள். இவர் செத்தாரா, ரங்கூனில் குடித்தனம் நடத்தினாரா?

அதற்குப் பதில் விளிம்பில் இல்லை, பெரியம்மாவின் ஞாபகத்தில் இருந்தது. மெடலோடு வேறு ஏதாவது வந்ததா என்று கேட்டேன். "தண்ணி அண்டாவுக்கு மூடி வெச்சிருந்தோமே, ஒரு பித்தளைத் தட்டு. சின்ன அண்டாதான். கையில சூலம் வெச்சிக்கிட்டு ஒரு பொம்பளை, பக்கத்துல சிங்கம். எங்கம்மா பாத்திரக்காரன்கிட்டப் போட்டு எவர்சில்வர் சொம்பு வாங்கிட்டாங்க" என்றார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். சூலம் பிடித்த பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டுகிற உருவம்), சிங்கம், சுமார் 120 மில்லிமீட்டர் வெண்கலம். போரில் இறந்தவரின் வீட்டுக்கு மட்டும் அனுப்பிய நினைவுத் தகடு அது. உயிரோடு இருந்தவர் யாருக்கும் அதைத் தரவில்லை. ரங்கூன் கதை அங்கேயே முடிந்தது.

ஆணையத்தின் தேடு பெட்டியில் பெயரை விட்டுவிட்டு எண்ணையும் படைப்பிரிவையும் மட்டும் போட்டேன். ஒரே ஒரு பதிவு. சாப்பர், 1917, ஈராக்கில் இருக்கிற பாஸ்ரா நினைவுச் சின்னம். பெயர் 'சாமி'யில் முடிகிறது, எழுத்துக்கூட்டல் மட்டும் மெடலிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கிறது. கீழே, இன்னாரின் மகன், இன்ன கிராமம், போளூர் தாலுகா, வட ஆற்காடு. அந்த 'இன்னார்' பெயரைப் படித்துக் காட்டியதும் பெரியம்மா சொன்னார்: "அது எங்கப்பா பேரு." தாத்தா பெயரைத்தானே மூத்த பேரனுக்கு வைப்போம். சிப்பாயின் அப்பா பெயரும் சிப்பாயின் மூத்த மகன் பெயரும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும், இருக்கிறது. சான்றிதழ் எதுவும் வேண்டாம், எனக்கு இது போதும். பெரியம்மாவுக்கு வேறு ஒரு வேலை இருந்தது. உயிரோடு இருக்கிற ஒரே அத்தைக்கு உடனே ஃபோன் போட்டார். என்ன பேசினார் என்பதை இங்கே எழுத முடியாது.

பாஸ்ரா சின்னம் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது அது. வெள்ளைக்காரர்களுக்குக் கல்லில் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயரும் தலை எண்ணிக்கையும் மட்டும். பெயர்கள் பதிவேட்டோடு நின்றுவிட்டன. இந்தப் பாரபட்சத்தை ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. கல்லில் பெயர் பார்க்க வேண்டுமென்றால் நந்தம்பாக்கம் போகலாம். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருக்கிற மெட்ராஸ் போர்க் கல்லறைக்குள்ளேயே 1914-18 நினைவுச் சுவர் இருக்கிறது. இந்தியாவில் வெவ்வேறு கல்லறைகளில் புதைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் அதில் உண்டு. டிரேட் சென்டருக்குப் பொருட்காட்சி பார்க்க வருகிற கூட்டத்தில் பத்துப் பேர்கூட உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்தது பெங்களூரு சாப்பர்ஸ் சென்டரின் ஆவணக் காப்பகத்துக்கு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம். எந்தக் கம்பெனியில் இருந்தார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. போளூர் போகிற வழியில் வேலூரில் இறங்கி லாங்கு பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் படம் எடுக்கவும் ஆசை. இந்த ஊரிலிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்கிறது அது.

கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்னொன்று மாட்டிக்கொண்டது. 1908 இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல், 'மலபார் 1921-22' பட்டையோடு. விற்றவர் பஃபிங் சக்கரத்தில் போட்டு மோட்டார் பார்ட்ஸ் மாதிரி பளபளக்க வைத்திருந்தார், கேட்டால் "கிளீன் பண்ணிக் குடுத்திருக்கேன் சார்" என்று அதற்கும் சேர்த்து விலை. விளிம்பில் 83 வாலாஜாபாத் என்று படைப்பிரிவின் பெயரைப் படிக்க முடிகிறது. ஆனால் எழுத்து இருக்கிற பக்கம் விரலுக்குக் கொஞ்சம் பள்ளமாகத் தட்டுகிறது. பழைய பெயரை அரம் போட்டு எடுத்துவிட்டு வேறு பெயரைக் குத்தியிருந்தால் அந்த இடத்தில் குறுக்களவு குறையும். பக்கத்து வீட்டு டர்னரிடம் வெர்னியர் காலிப்பர் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தருகிறார்.