சளியில் நெளிந்த புழு

மருத்துவக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் மலத்தையும் சளியையும் நுண்ணோக்கியில் பார்ப்பதையே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலையாகக் கொண்டிருந்த எனக்கு, கண்டுபிடித்தவற்றை விடப் பார்க்கத் தவறியவையே ஓய்வுக்குப் பின் அதிகம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்று, உடலெங்கும் கொப்புளம் எழும் பெம்பிகஸ் நோய்க்காக இரண்டு மாதங்களாகப் பிரெட்னிசோலோன் என்ற, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சாப்பிட்டுவந்த ஒரு விவசாயியின் கதை. காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவருடைய சளியை அனுப்பியிருந்தார்கள். சாயம் ஏற்றுவதற்கு முன் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தபோது, அரை மில்லிமீட்டர் நீளமுள்ள இளம்புழுக்கள் விடாமல் நெளிந்துகொண்டிருந்தன.

அது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஸ்டெர்கோராலிஸ் என்னும் குடற்புழு. நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, கீரிப்பூச்சி என்றெல்லாம் மற்றவற்றுக்குப் பெயர் வைத்திருக்கும் நம் மக்கள் இதற்கென்று ஒரு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணுக்குத் தெரியாததற்கு யார் பெயர் வைப்பார்கள்? கொச்சின்சீனாவிலிருந்து, அதாவது இன்றைய தெற்கு வியட்நாமிலிருந்து, ஓயாத வயிற்றுப்போக்குடன் திரும்பிய பிரெஞ்சுப் படைவீரர்களின் மலத்தில் லூயி நோர்மான் என்ற கடற்படை மருத்துவர் 1876இல் இதை முதன்முதலாகக் கண்டார்.

மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நிற்பவரின் தோலைத் துளைத்து நுழையும் இளம்புழு, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண்புழு, ஆண்புழுவின் துணையின்றியே முட்டையிடுகிறது. ஆண்புழு தேவையில்லை என்பதைத் தவிர, இதுவரை கொக்கிப்புழுவின் பயணத்தோடு பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கொக்கிப்புழுவின் முட்டை மண்ணுக்குப் போய்த்தான் பொரிக்க வேண்டும். இதன் முட்டையோ குடலுக்குள்ளேயே பொரித்துவிடுகிறது. பொரித்த இளம்புழுக்களில் சில வெளியேறாமல் உள்ளேயே முதிர்ந்து, குடற்சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்து, அதே மனிதருக்குள் பயணத்தை மறுபடியும் தொடங்குகின்றன. மண்ணை மிதிக்காமலே தொற்று தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதால், ஒருமுறை வந்தது வாழ்நாள் முழுதும் தங்கக்கூடும். இரண்டாம் உலகப்போரில் சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளில் பலருக்கு, நாடு திரும்பி முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்தத் தொற்று இருந்தது கண்டறியப்பட்டது. அதே பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் பெருந்தொகையில் உழைத்தார்கள். பிழைத்துத் தோட்டங்களுக்குத் திரும்பியவர்களின் குடலை அப்படி யார் தேடிப் பார்த்திருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

நோய் எதிர்ப்பாற்றல் சரியாக இருக்கும்வரை புழுக்களின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும். அவ்வப்போது வயிற்றுவலி, அரிப்பு, தோலில் கோடுபோல் வேகமாக ஊர்ந்து மறையும் தடிப்பு என்பவற்றுக்கு மேல் ஒன்றும் தெரியாது. பலருக்கு அதுவும் இருக்காது. ஸ்டீராய்டு தொடங்கியதும் அந்தக் கட்டு அவிழ்கிறது. குடற்சுவரைத் துளைக்கும் இளம்புழுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகி, நுரையீரல் முதல் மூளை வரை பரவுகின்றன. போகும்போது குடலில் வாழும் பாக்டீரியாக்களையும் இரத்தத்துக்குள் இழுத்துச் செல்கின்றன. ஆகவே நோயாளி பெரும்பாலும் புழு நோயாளியாக வருவதில்லை, இரத்தத்தில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா கலந்தவராகவோ மூளைக்காய்ச்சல் கண்டவராகவோதான் வருகிறார். இந்த நிலையை எட்டியவர்களில் பெரும்பாலோர் இறந்துவிடுகிறார்கள். அந்த விவசாயியும் நான்காம் நாள் இறந்தார்.

ஸ்டீராய்டு மட்டுமே காரணம் என்பதில்லை. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்கள், எச்.டி.எல்.வி.–1 என்ற வைரஸ் தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கும் இந்த ஆபத்து உண்டு. தானம் பெற்ற சிறுநீரகத்தோடு புழுவும் சேர்ந்து வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. வியப்புக்குரியது எய்ட்ஸ்தான்: அந்நோயாளிகளை இது கொத்துக்கொத்தாகக் கொல்லும் என்று 1980களில் எதிர்பார்த்தார்கள், அந்த அளவுக்கு நடக்கவில்லை.

அந்த விவசாயியின் கோப்பில், ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் எடுத்த மலப் பரிசோதனைச் சீட்டு ஒன்று இருந்தது. ‘முட்டை, புழு காணப்படவில்லை’ என்று என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தது. அது பொய்யில்லை, ஆனால் நாள்பட்ட தொற்றில் மலத்தில் வெளியேறும் இளம்புழுக்கள் மிகக் குறைவு என்பதால், ஒரே ஒரு மாதிரியில் பாதிக்கு மேற்பட்ட தொற்றுகள் தப்பிவிடும் என்பது அந்தச் சீட்டைப் படிப்பவருக்குத் தெரியாது. கிருமி வளர்க்கப் பயன்படும் ஏகார் தட்டில் மலத்தை வைத்து இரண்டு நாள் காத்திருந்தால், ஊர்ந்த புழுவின் தடத்தில் பாக்டீரியாக்கள் வரிசையாக முளைத்துக் காட்டிக்கொடுக்கும். எதிர்ப்புரதத்தைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. இரண்டையும் கேட்டு வந்த சீட்டுகள் என் பணிக்காலத்தில் சொற்பம். இரத்தத்தில் இயோசினோபில் என்னும் வெள்ளையணுக்கள் கூடியிருந்தால் சந்தேகம் வரும்தான். ஸ்டீராய்டு அந்த அடையாளத்தையும் அழித்துவிடுகிறது.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களில் குடற்புழு நீக்கத்துக்காகப் பள்ளிகளில் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரே வேளையில் இந்தப் புழுவை ஒழிக்காது. இதற்கு ஐவர்மெக்டின் வேண்டும்: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 200 மைக்ரோகிராம் என்ற அளவில் ஒன்றிரண்டு நாள்கள். கொரோனாக் காலத்தில் எதற்கெல்லாமோ விழுங்கப்பட்டுப் பெயர் கெட்ட அதே மாத்திரைதான். 2020இல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொரோனாவுக்கான சிகிச்சையானபோது, இந்தப் புழு பரவலாக உள்ள பகுதிகளிலிருந்து வரும் நோயாளிகளுக்கு ஸ்டீராய்டோடு ஐவர்மெக்டினும் தரலாம் என்று சில மருத்துவர்கள் எழுதினார்கள். கொரோனாவை அது குணப்படுத்தும் என்பதற்காக அல்ல, புழுவுக்காக. பள்ளி வயதுக் குழந்தைகளில் ஐந்து விழுக்காடோ அதற்கு மேலோ தொற்று உள்ள பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்து வயது நிரம்பிய அனைவருக்கும் ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் பரிந்துரைத்தது.

நான் ஓய்வுபெறும் ஆண்டில், சிறுநீரக நோய்க்காக ஸ்டீராய்டு தொடங்கவிருந்த ஒரு பெண்ணின் மலம் வந்தது. நாற்று நடும் வேலை செய்பவர். மூன்று தகடுகள் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. சீட்டை நானே வார்டுக்குக் கொண்டுபோய், ‘காணப்படவில்லை என்றால் இல்லை என்று பொருள் அல்ல, டாக்டர்’ என்றேன். வார்டில் இருந்த பெண் பயிற்சி மருத்துவர் சிரித்தார். ‘வயலில் செருப்புப் போட்டு நடுவீங்களா அம்மான்னு கேட்டேன், சார். நேத்தே ஐவர்மெக்டின் முதல் டோஸ் கொடுத்தாச்சு’ என்றார்.