தரங்கம்பாடியில் ஒரு கதையை நட்ட இரண்டு நாட்கள்

மூன்றாம் முறையாகத் தரங்கம்பாடிக்குச் சென்றபோது என் பையில் ஒரு மடிக்கணினியும் இரண்டு கைப்பேசிகளும் ஓர் அளவு நாடாவும் இருந்தன. கைப்பேசியின் கேமராவில் தெரியும் நிஜக் காட்சியின் மேல் உருவத்தையும் குரலையும் பொருத்துகிற ஆக்மென்டட் ரியாலிட்டியில், அந்த இடத்துக்கு வந்து நிற்பவருக்கு மட்டுமே திறக்கக்கூடிய ஒரு கதையை இந்த ஊருக்காக அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1792ஆம் ஆண்டைச் சேர்ந்த நகரவாயிலில் தொடங்கி, ராஜ வீதி வழியாகக் கடலை நோக்கி நடப்பதாகப் பாதையை வகுத்தேன். அந்த வீதியில் கதைக்குப் பஞ்சமில்லை. 1706இல் இங்கு வந்திறங்கித் தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கே உருவம் எதையும் எழுப்பாமல், அச்சு எழுத்துகளைக் கோக்கும் ஓசையை மட்டும் வைத்தேன்.

உண்மையான சிக்கல் கோட்டையில் தொடங்கியது. தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையின் முன் நின்றபோது, கைப்பேசியின் ஜிபிஎஸ் நான் நின்ற இடத்தைச் சில மீட்டர் தள்ளிக் காட்டியது. திறந்த வெளியிலும் ஏறத்தாழ 5 மீட்டர் பிழை இருக்கும் என்பதை அறிந்தே வந்திருந்தேன். ஆனால் பழைய பீரங்கியின் அருகே சென்றதும் திசைகாட்டியும் திரும்பிவிட்டது. காந்தப்புலத்தை உணரும் கருவி இரும்பின் பக்கத்தில் தடுமாறும் என்பதால், என் கதையில் கடலைப் பார்த்து நிற்க வேண்டிய கப்பல் திரையில் ஊருக்குள் நின்றது. பீரங்கியிலிருந்து நன்றாக விலகி, கோட்டைச் சுவரின் ஒரு மூலையை அடையாளமாகக் கொண்டு கேமரா தன் திசையைத் தானே கண்டுகொள்ளும்படி மாற்றியமைத்த பிறகே கப்பல் கடலுக்குத் திரும்பியது.

கோட்டைக்கு வடக்கே, கரையோரம் இருக்கும் மாசிலாமணி நாதர் கோயில்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த அந்தக் கோயிலின் கடலோரப் பகுதியைப் பல தலைமுறைகளாக அலை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. இழந்த பகுதியைத் திரையில் கல் கல்லாக எழுப்பிக் காட்ட வேண்டும் என்றுதான் திட்டமிட்டிருந்தேன். ஆனால் அதன் அளவையோ வடிவையோ உறுதியாகச் சொல்லும் வரைபடம் எதுவும் என்னிடம் இல்லை. நானாகக் கற்பித்துத் தூண்களை நிறுத்தினால், பார்ப்பவர் அதையே வரலாறாக எண்ணிக்கொண்டு போவார். அது அந்த இடத்துக்கு நான் செய்யும் அநீதி. அலை எழும் காட்சியும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை உயிர்களைக் கொண்டுபோன கரை இது. திரையில் ஓர் அலையை உயர்த்தி இங்கே நிற்பவருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அப்போது வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கோயில் எதுவரை இருந்தது என்று தம் பாட்டனார் காட்டிய திசையைத் தாமும் கை நீட்டிக் காட்டினார். அவருடைய இசைவோடு அந்தச் சொற்களைப் பதிவு செய்து, கேட்பவர் ஈர மணலுக்குள் இறங்கிவிடாதபடி, கதைப்புள்ளியைக் கரைப்பக்கமாகவே 15 மீட்டர் வட்டத்தில் பொருத்தினேன். படம் எதுவும் இல்லை. திரை இருளும், குரல் மட்டும் ஒலிக்கும், கேட்பவரின் கண் தானாகக் கடலுக்குப் போகும்.

மறுநாள் விடியற்காலையில் அவரையே கேட்கச் செய்தேன். கைப்பேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு முழுவதும் கேட்டவர், அதைத் திருப்பித் தந்துவிட்டு, "நீங்க நிக்கிற இடம் சரியில்ல தம்பி, இன்னும் கொஞ்சம் வடக்க வாங்க, இங்கிருந்து பாத்தாத்தான் தெரியும்," என்றார். அளவு நாடாவை விரித்தேன்; 6 மீட்டர். புள்ளியை அங்கே மாற்றிவிட்டுத்தான் ஊரிலிருந்து புறப்பட்டேன்.