கிட்டாரில் எஃப் கார்டு வரவில்லையா? நட்டையும் பாருங்கள்

சி, ஜி, ஏ மைனர் கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள்) எல்லாம் ஓரளவு கைக்கு வந்தபின் எஃப் குறுக்கே வந்து நிற்கும். ஆறு கம்பிகளையும் ஒரே விரல் அமுக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டைவிரல் வலிக்க நெரிப்பவர்களே அதிகம். எஃப்பில் ஐந்தாம், நான்காம் கம்பிகளை (மெல்லிய கம்பிதான் முதலாவது) மூன்றாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த மூன்றாவது உலோகக் கோட்டருகே, மோதிர விரலும் சுண்டு விரலும் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாம் கம்பியை இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல் பார்த்துக்கொள்ளும். ஆட்காட்டி விரலுக்கு மிஞ்சுவது ஒன்று, இரண்டு, ஆறு என மூன்றே கம்பிகள்.

அந்த விரலை முதல் ஃப்ரெட்டை ஒட்டி வைத்து, கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டுங்கள். ஓரத்தில் சதை குறைவு, கம்பி புதையாது. வலது முன்கையால் கிட்டாரை உடம்போடு அணைத்துக்கொண்டு இடது முழங்கையை லேசாகப் பின்னுக்கு இழுத்தால் பாதி அழுத்தம் தானாகக் கிடைத்துவிடும். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிக் கேளுங்கள். இரண்டாம் கம்பி மட்டும் 'டப்' என்று செத்து ஒலித்தால், அது விரல் மூட்டின் மடிப்புக்குள் விழுந்திருக்கிறது. விரலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ தள்ளினால் சரியாகும்.

இதெல்லாம் செய்தும் வரவில்லை என்றால் கிட்டாரைச் சந்தேகியுங்கள். அதே கைவடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் வையுங்கள், அது ஏ கார்டு. அங்கே சுத்தமாகப் பேசி, முதல் ஃப்ரெட்டில் மட்டும் மக்கர் செய்தால் பெரும்பாலும் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் பட்டை, உயரமாக இருக்கும். ஒரு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அமுக்கிக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். தலைமுடி நுழையும் இடைவெளி போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட்டின் பள்ளத்தை ராவ வேண்டும். கிட்டார் ரிப்பேர் தெரிந்தவரிடமே கொடுங்கள். கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால் அமுக்காத கம்பியே ஃப்ரெட்டில் உரசி இரையும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள உயரம். ஸ்டீல் கம்பி அக்கவுஸ்டிக்கில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பிக்குச் சுமார் 2.5 மி.மீ. இருந்தால் சுகம். எலெக்ட்ரிக்கில் 2 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. கிளாசிக்கலில் 4 மி.மீ. வரை சகஜம், நைலான் கம்பி மெத்தென்று இருப்பதால் தாங்கும். ஆனால் கிளாசிக்கலின் கழுத்து நட்டருகே சுமார் 52 மி.மீ. அகலம்; அக்கவுஸ்டிக்கில் 43 தான். விரல் வலிக்காது என்று நைலானை வாங்கும் சிறிய கைக்காரர்கள் எஃப்பில் எட்டாமல் தவிப்பது இதனால்தான். சத்தம் பெரிதாக வரட்டும் என்று அதில் ஸ்டீல் கம்பி மாட்டவே மாட்டாதீர்கள். நைலான் செட் மொத்தமாகச் சுமார் 40 கிலோ இழுக்கும், ஸ்டீல் 70ஐத் தாண்டும். கம்பிகளை உடலில் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

கார்டு வாசித்துப் பாடத்தான் கிட்டார் என்றால் ஸ்டீல் அக்கவுஸ்டிக்கே என் தேர்வு. 0.012 செட் (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில்) இருந்தால் கழற்றிவிட்டு 0.010 மாட்டுங்கள், விரலுக்கு உடனே தெரியும். உடலும் டிரெட்நாட் எனும் பெரிய வடிவமாக வேண்டாம். உயரம் குறைந்தவர்களுக்கு அது வலது தோளைத் தூக்கிவிடும்.

கடையில் பணம் கொடுக்குமுன் அந்த மூன்றாம் ஃப்ரெட் சோதனையை ஆறு கம்பிகளிலும் செய்து பாருங்கள். எஃப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.